மண்ணுக்கும் போர்வை வேண்டும்!

மார்கழிப் பனி கொட்டுகிறது. தர்மபுரி மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு கம்பளி வெளியே வந்துவிட்டது. ஆனால், கொல்லை மண் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. கேழ்வரகு அறுவடை முடிந்தது. "இனி சித்திரை மழைக்குப் பார்த்துக் கொள்ளலாம்" என்று நிலத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

இது பெரிய நஷ்டம்!

தர்மபுரி செம்மண் பூமி. இந்த மண்ணில் மக்கு குறைவு. தண்ணீரைப் பிடித்து வைக்கும் சக்தியும் குறைவு. வெயில் பட்டால் ஈரம் பறந்துவிடும். காற்று அடித்தால் மேல்மண் புழுதியாகப் போகும். கோடை மழை கொட்டினால் மிச்சமும் கரைந்து ஓடையில் செந்நீராக ஓடும்.

பயிருக்குச் சோறு போடுவது மேல்மண்தான். ஓர் அங்குல மேல்மண் உண்டாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும். அது போவதற்குச் சில மழைகளே போதும்!

அமெரிக்கா இதைப் பட்டுத்தான் தெரிந்து கொண்டது. அங்கே புல்வெளிகளை உழுது போட்டார்கள். 1930-களில் வறட்சி வந்தது. மண் புயலாக எழுந்தது. லட்சக்கணக்கானோர் ஊரை விட்டுப் போனார்கள். 1935-ல் மண் பாதுகாப்புக்கென்றே அந்த நாட்டு அரசு தனி இலாகா அமைத்தது.

தர்மபுரி விவசாயி பாடம் கேட்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். பாட்டன் காட்டிய வழியே இருக்கிறது. கேழ்வரகுக்கு நடுவே அவரையும் மொச்சையும் போடுவார்கள். ஐப்பசி ஈரத்தில் கொள்ளு விதைப்பார்கள். கொள்ளுக் கொடி தரையை மூடும். அதன் வேர் முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். அறுவடையான நிலத்தில் ஆட்டுப் பட்டி அடைத்தால், புழுக்கை எருவாகும்.

விதைக்கத் தவறியவர்கள் என்ன செய்வது? மூடாக்குப் போடலாம். கேழ்வரகுத் தாள் மாட்டுக்கு வேண்டும்; அதைத் தொட வேண்டாம். மாவிலை, வேப்பஞ்சருகு, கடலைத் தோல், கரும்புச் சோகை போதும். 4 விரல் கனத்துக்குப் பரப்ப வேண்டும். செடியின் தண்டை ஒட்டிப் போடக் கூடாது, தண்டு அழுகிவிடும். மீந்த சருகைச் சாணத்தோடு எருக்குழியில் அடுக்கி, ஈரம் காயாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். இடையிடையே புரட்டிவிட்டால் நல்ல எரு கிடைக்கும்.

போகி வருகிறது. சருகைக் கூட்டிக் கொளுத்தாதீர்கள்! தழைச்சத்து புகையாகப் போய்விடும். கையில் மிஞ்சுவது பிடி சாம்பல்தான்.

அரசுக்கும் கடமை உண்டு. 2024-25-ல் 'முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டம் வந்தது. பசுந்தாள் உர விதை கொடுப்பது அதில் ஒரு பகுதி. நல்ல காரியம்! ஆனால் விதை மழைக்கு முன்பே விவசாயியின் கைக்கு வரவேண்டும். மழை போனபின் வந்த விதையால் யாருக்கு என்ன பயன்? ஏரி வண்டலை எடுக்க அனுமதி கேட்டு வரும் ஏழை விவசாயியையும் அலைய விடக் கூடாது. ஏரி வற்றியிருக்கும் காலம் கொஞ்சம்தான்.

பணத்தைப் பெட்டியில் பூட்டி வைக்கிறோம். நகையைப் பத்திரப்படுத்துகிறோம். பேரப் பிள்ளைகளுக்குச் சோறு போடப்போகும் மண்ணைக் காற்றுக்கும் மழைக்கும் திறந்து போடலாமா?

சிந்திக்க வேண்டும்!