வாய் திறவாத தடை

அமெரிக்க செனட் சபையில் ஒரு மசோதாவை வோட்டுக்கு விடாமல் பேசியே தடுக்கும் வழக்கம் நெடுநாளையது. 1957-ல் ஸ்ட்ராம் தர்மாண்ட் என்பார், கறுப்பரின் வோட்டுரிமையைக் காக்க வந்த மசோதாவை எதிர்த்து 24 மணி 18 நிமிஷம் பேசினார். நோக்கம் இழிவானது, ஆயினும் மனிதர் நின்றார், தேசம் அவரைப் பார்த்தது. இன்றோ அந்தச் சிரமமும் இல்லை. 100 அங்கத்தினரில் 60 பேர் விவாதத்தை முடிக்க இசையாவிடில், எதிர்ப்போர் வாய் திறவாமலே சாதாரண மசோதா கிடப்பில் விழுகிறது. தடுப்பவர் பேசித்தான் தீரவேண்டுமென்று, வோட்டுரிமை மசோதா ஒன்றின் மட்டில் 2022 ஜனவரியில் வந்த யோசனையும் 52-க்கு 48 வோட்டில் தோற்றது. மைனாரிட்டியின் பேச்சுரிமையில் நமக்கு ஆக்ஷேபமில்லை. பேசாதிருப்பதற்கும் அப்பெயரையே சூட்டுவதுதான் நமக்கு விளங்கவில்லை. 60 என்ற விதி இருக்கட்டும். தடுப்பவர் எழுந்து நின்று, ஜனங்கள் கேட்கத் தம் காரணத்தைச் சொல்லட்டும்.