மரம் எவர்க்குரியது?

எர்மன்னோ ஓல்மி இயக்கிய 'மரமிதியடி மரம்' என்னும் இத்தாலியத் திரைப்படம் 1978இல் கான் விழாவில் பொற்பனை விருது பெற்றது. பெர்கமோ வட்டாரத்து உழவர்களையே நடிக்கச் செய்து, அவர்தம் தாய்மொழியாகிய பெர்கமோ மொழியிலேயே பேசவைத்தார் ஓல்மி. உழைப்பவன் துயரை உழைப்பவன் நாவே உரைத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

19ஆம் நூற்றாண்டின் இறுதி. ஒரே பண்ணை மனையில் வாழும் உழவர் குடும்பங்கட்கு நிலமும் உரிமையில்லை, வீடும் உரிமையில்லை. விளைவில் மூன்றில் இருபங்கு நிலக்கிழார்க்கே! பள்ளிக்கு நெடுந்தொலைவு நடக்கும் சிறுவனின் மரமிதியடி உடைகின்றது. தந்தை மறைவாக ஒரு மரத்தை வெட்டிப் புதியது செதுக்கித் தருகின்றார். அதற்கு ஒறுப்பு, குடும்பத்தோடு வெளியேற்றம்! ஏனைய குடும்பத்தார் வாய்திறவாது நோக்கி நிற்கின்றனர்.

இவ்வுழவர் கிளர்ந்தெழாமை இப்படத்தின் குறை என்றாரும் உளர். கூரையும் நிலமும் கால்நடையும் ஒருவன் பிடியில் இருக்க, இன்று வாய்திறப்பவன் நாளை எங்கே உறங்குவான்? அவர்தம் வாய்ப்பூட்டின் திறவுகோல் நிலக்கிழாரிடம் அன்றோ இருந்தது! ஒரு பிள்ளையின் கல்வியினும் ஒரு மரத்தைப் பெரிதாக்கிய உடைமை முறையையே ஓல்மி குற்றக்கூண்டில் ஏற்றினார். மரம் எவர்க்குரியது என்று வினவாதவர், அவ்வேழையரின் வாய்திறவாமையைப் பழிக்கத் தகுதியிலர்.