ஒன்றரைக் கோடி சர்வர் எங்கே சார்?

மக்களே, இது கொஞ்சம் காரமான பதிவு. போன இன்டர்னல் தேர்வில் வந்த ஒரு இரண்டு மார்க் கேள்விதான் காரணம்.

"ஒரு சான் நெட்வொர்க்கில் அதிகபட்சம் எத்தனை சர்வர்களை இணைக்கலாம்?"

சான் என்றால் ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க். ஹார்டு டிஸ்க்குகளை எல்லாம் ஒரு பெட்டியில் அடுக்கிவிட்டு, பல சர்வர்கள் ஸ்விட்ச் வழியாக அவற்றைத் தங்கள் சொந்த டிஸ்க் மாதிரி பயன்படுத்துவது. எதிர்பார்த்த பதில்: ஃபைபர் சேனல் முகவரி 24 பிட், ஆகவே 1,67,77,216. நான் "ஸ்டோரேஜ் பெட்டியைப் பார்க்காமல் சொல்ல முடியாது" என்று எழுதி நாலு வரி காரணமும் கொடுத்தேன். முட்டை!

மார்க் போனது போகட்டும். அந்தப் பதில் கணக்காகக்கூட சரியில்லை என்பதுதான் கடுப்பு. 24 பிட்டில் முதல் 8 பிட் ஸ்விட்சின் எண். அதில் ஸ்விட்சுகளுக்குக் கிடைப்பது 1 முதல் 239 வரைதான், மற்றவை வேறு வேலைக்கு ஒதுக்கப்பட்டவை. 239 முறை 65,536 போட்டால் 1,56,63,104. அதிலும் சர்வர் மட்டுமா முகவரி வாங்குகிறது? ஸ்டோரேஜ் பெட்டியின் போர்ட்டுகளும் டேப் லைப்ரரியும் யார் வீட்டு முகவரியில் இருக்கும்? தவிர, 239 ஸ்விட்சை ஒன்றாகக் கோக்க எந்தத் தயாரிப்பாளரும் சம்மதிக்க மாட்டார். அவர்கள் சோதித்து ஆதரவு தருவது அதைவிட ரொம்பக் குறைவு.

(பழைய லூப் முறையில் 126 கருவிகள் என்று இன்னொரு பதிலும் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். அந்த லூப்பில் ஒரு சமயத்தில் ஒரு ஜோடிதான் பேசலாம், மற்ற 124-ம் வேடிக்கை பார்க்கலாம் என்பதை மட்டும் சொல்வதில்லை.)

சரி, உண்மையான எல்லை எங்கே இருக்கிறது? ஸ்டோரேஜ் பெட்டியின் வாசலில். ஒவ்வொரு போர்ட்டும் ஒரே நேரத்தில் இத்தனை கட்டளைகளைத்தான் வரிசையில் வைத்திருக்கும் என்று ஒரு அளவு உண்டு. 2048 என்று வைத்துக்கொள்வோம். பெட்டியிலிருந்து சர்வருக்கு வெட்டிக் கொடுக்கும் டிஸ்க் துண்டுக்கு லன் என்று பெயர். ஒரு லன்னுக்கு 32 கட்டளை வரை சர்வர் அனுப்பலாம் என்றால், ஆளுக்கு ஒரு லன் வைத்து 64 சர்வர். ஆளுக்கு 4 லன் கொடுத்தால்? 16 சர்வரில் வாசல் நிரம்பிவிடும்! அதற்கு மேல் வருவதற்கு "வரிசை நிரம்பிவிட்டது" என்று பெட்டி திருப்பி அனுப்பும். எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கூடுதலாக இணைப்பார்கள்தான், தப்பில்லை. ராத்திரி பேக்கப் ஓடும்போது அந்த நம்பிக்கை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வேகமும் அப்படியே. 8 ஜிகாபிட் போர்ட்டில் நொடிக்குச் சுமார் 800 மெகாபைட் போகும். 40 சர்வர் ஒரேயடியாக இழுத்தால் ஆளுக்கு 20. பென் டிரைவ் வேகம். இதற்கா இவ்வளவு விலை கொடுத்து வாங்குகிறார்கள்?

"அட, தியரி கேள்விதானேப்பா" என்றான் பக்கத்து பெஞ்ச் நண்பன். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. இந்தத் தியரியை நம்பித்தான் எங்கள் புராஜெக்ட் குழு லேபில் ஒரு பழைய கம்ப்யூட்டரை ஐஸ்கஸி ஸ்டோரேஜ் ஆக்கி, ஒரே லன்னை இரண்டு லினக்ஸ் சர்வர்களில் மவுன்ட் செய்தது. கோடிக்கணக்கில் இணைக்கலாமாம், இரண்டு கூடாதா? இணைந்தது. இரண்டிலும் ஃபைல் தெரிந்தது. கைகூடத் தட்டினோம்.

இரண்டிலும் இருந்தது சாதாரண இஎக்ஸ்டி4. டிஸ்க் தனக்கு மட்டுமே சொந்தம் என்று நினைக்கிற ஃபைல் சிஸ்டம் அது. எந்த இடம் காலி என்ற பட்டியலை ஒவ்வொரு சர்வரும் தன் மெமரியில் தனியாக வைத்துக்கொள்ளும். இவன் எழுதியது அவனுக்குத் தெரியாது. அவனும் அதே இடத்தைக் காலி என்று நினைத்து மேலேயே எழுதுவான். மூன்றாம் நாள் எஃப்எஸ்சிகே ஓட்டியபோது லாஸ்ட் அண்ட் ஃபவுண்டில் எண்களைப் பெயராகக் கொண்ட துண்டுகள்தான் மிச்சம். மூன்று வார டேட்டா காலி. பேக்கப் எடுக்காதது எங்கள் முட்டாள்தனம், ஒத்துக்கொள்கிறேன்.

ஒரே லன்னைப் பலர் பயன்படுத்த அதற்கென்றே எழுதிய ஃபைல் சிஸ்டம் வேண்டும். அதற்கும் எல்லை உண்டு. ஜிஎஃப்எஸ்2-க்கு ரெட் ஹேட் 16 சர்வர் வரைதான் ஆதரவு தருகிறது. 2011-ல் வந்த விஎம்வேர் விஸ்பியர் 5-ல் ஒரு விஎம்எஃப்எஸ் வால்யூமுக்கு 64. கோடி எங்கே, பதினாறு எங்கே? இதையெல்லாம் சிலபஸில் ஒரே வரியில் "ஷேர்டு ஸ்டோரேஜ்" என்று தாண்டிவிடுகிறார்கள். லன் மாஸ்கிங், ஜோனிங் இரண்டும் பெயரளவில் உண்டு. ஒரு சர்வரின் லன்னை இன்னொன்று பார்க்காமல் மறைக்கத்தான் அவை இருக்கின்றன, பார்த்தால் என்ன ஆகும் என்பது மட்டும் எந்த யூனிட்டிலும் இல்லை.

அந்த இரண்டு மார்க்கை நான் திரும்பக் கேட்கப் போவதில்லை. அடுத்த பேட்சுக்காவது கேள்வியை மாற்றுங்கள் சார்: "2048 வரிசை கொண்ட ஒரு போர்ட், சர்வருக்கு 4 லன், லன்னுக்கு 32 கட்டளை. எத்தனை சர்வர் இணைப்பீர்கள், ஏன்?" எட்டு மார்க் கொடுத்தாலும் சரி.