மணிக்குத் தலை வாரியாச்சா?

செமஸ்டர் லீவுக்கு ஊர் போய்ச் சேர்ந்தாச்சா? அம்மா சமையல், மதியத் தூக்கம், ரிமோட் சண்டை எல்லாம் நல்லபடியா போகுதா? சந்தோஷம். இப்போ ஒரு கேள்வி. ப்ளஸ் டூ முடிச்ச கையோட, 'எல்லாம் நானே பார்த்துக்கறேன்'னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணி ஒரு நாய்க்குட்டி வாங்கினீங்களே... அதுக்கு இப்போ தலை வாரி விடுறது யாரு?

முறைக்காதீங்க பாஸ். நானும் அதே கேஸ்தான்!

எங்க வீட்டு நாய் பேரு மணி. பேரைக் கேட்டு ராஜபாளையம்னு நினைச்சுடாதீங்க. யார்க்‌ஷயர் டெரியர். எடை 3 கிலோ, குரல் 30 கிலோ! நான் வீட்டுல இருந்த வரைக்கும் தினமும் சீவி, கண்ணுல முடி விழாம உச்சியில ஒரு குடுமி போட்டு விடுவேன். ஹாஸ்டலுக்குக் கிளம்பினதும் சீப்பு அம்மா கைக்குப் போச்சு. அம்மாவுக்கோ தோள்பட்டை வலி. தினமும் சீவினது வாரத்துக்கு ஒரு நாள்னு ஆச்சு. அப்புறம் அதுவும் நின்னு போச்சு. போன்ல கேட்டா, 'நல்லா இருக்கான்டா' என்பார்கள். வீடியோ கால்லயும் புசுபுசுன்னு அழகாத்தான் இருந்தான்.

போன தீபாவளி லீவுக்கு வீட்டுக்குள்ள நுழையறேன்... மணி ஓடி வரலை. ரெண்டு நாளா சாப்பிடலையாம். தூக்கிக்கிட்டு ஓடினேன். டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார், ஈறு வெளுத்துக் கிடந்தது. காதுக்குப் பின்னாடி விரலை விட்டார். முடி பாய் மாதிரி பின்னிக் கிடந்தது. அதை விலக்கினா, அடியில உண்ணி. ஒண்ணு இல்லை, பதினொண்ணு! ரத்தப் பரிசோதனையில உண்ணிக் காய்ச்சல்னு வந்தது.

டாக்டர் கேட்டது ஒரே கேள்வி. "கடைசியா எப்போ சீவி விட்டீங்க?" அம்மா என்னைப் பார்த்தாங்க. நான் மணியைப் பார்த்தேன்.

பல வாரம் மாத்திரை, மறுபடி மறுபடி ரத்தப் பரிசோதனை. பிழைச்சுட்டான். ஆனா அன்னிக்குத்தான் எனக்கு ஒண்ணு உறைச்சது. நாயைச் சீவுறது அழகுக்காக மட்டும் இல்லை. 'இங்கே வலிக்குது'ன்னு அதுக்குச் சொல்லத் தெரியாது. நம்ம விரல்தான் முடிக்குள்ள போய்க் கேட்டுக்கிட்டு வரணும்!

டெரியர்ங்கிற பேரே 'மண்' என்ற பொருள் கொண்ட 'டெர்ரா' என்ற லத்தீன் சொல்லில் இருந்து வந்ததுதான். வளைக்குள்ள புகுந்து நரியையும் எலியையும் விரட்டின வம்சம். யார்க்‌ஷயர் டெரியர் 19-ம் நூற்றாண்டில் வட இங்கிலாந்து மில் தொழிலாளிகள் வளர்த்த நாய். மில்லுல எலி பிடிக்கிறதுதான் அதோட வேலை. இந்த இனத்தின் தந்தைன்னு சொல்லப்படுற 'ஹடர்ஸ்ஃபீல்ட் பென்' பிறந்தது 1865-ல். ஆக, நம்ம வீட்டு சோபாவில் சுருண்டு கிடக்கிற பொம்மைக்கு உழைப்பாளி ரத்தம் பாஸ்!

எல்லா டெரியருக்கும் ஒரே முடி இல்லை. 'டின்டின்' காமிக்ஸில் வருகிற ஸ்னோயி ஒரு வயர் ஃபாக்ஸ் டெரியர். அதுக்கு மேலே கம்பி மாதிரி முரட்டு முடி, உள்ளே மெத்துனு இன்னொரு அடுக்கு. முதிர்ந்த மேல்முடியைக் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமா பிடுங்கி எடுப்பாங்க. மெஷின் போட்டு வெட்டிக்கிட்டே இருந்தா, நாளாக நாளாக முரட்டுத்தனம் போய்ப் பஞ்சு மாதிரி ஆகிடும், நிறமும் மங்கும். யார்க்‌ஷயருக்கு ஒரே அடுக்கு. பட்டு மாதிரி, நம்ம தலைமுடி மாதிரியே வளர்ந்துக்கிட்டே இருக்கும். கொட்டுறது கம்மி, சிக்கு ஜாஸ்தி!

'பேசாம மொட்டை அடிச்சுடலாமா டாக்டர்?'னு நானும் கேட்டேன். சிரிச்சார். தோல் தெரிய மழிச்சா வெயில் நேரா தோலைச் சுடும். குட்டையா வெட்டலாம், ஒரு இன்ச்சாவது விட்டுடணும்னார். மணிக்கு இப்போ அந்த கட்டிங்தான். குடுமி போச்சு, நிம்மதி வந்தது.

சரி, வேலைக்கு வருவோம். தினமும் பத்தே நிமிஷம். முதல்ல பல் அகலமான சீப்பு, அப்புறம் நெருக்கமான சீப்பு. நுனியில் ஆரம்பிச்சு வேருக்கு வாங்க. சிக்கு விழுற இடங்கள்: காதுக்குப் பின்புறம், அக்குள், கழுத்துப் பட்டை உரசுற இடம். கால் விரல் இடுக்கையும் விட்டுடாதீங்க, உண்ணிக்கு அது ரொம்பப் பிடிச்ச இடம்.

குளிப்பாட்டுறதுக்கு முன்னாடியே சிக்கெடுத்துடுங்க. நனைஞ்சா இன்னும் இறுகிடும். நாய்க்குன்னு இருக்கிற ஷாம்பு மட்டும்தான், உங்க ஷாம்பு வேண்டாம். காதுக்குள்ள தண்ணி போகக் கூடாது. குளிச்சதும் அடி வரைக்கும் காய வைக்கணும், அதுவும் மழைக்காலத்தில் கட்டாயம். டிரையர்னா சூடு கம்மியா வையுங்க.

உண்ணி தென்பட்டா தீக்குச்சி, மண்ணெண்ணெய் வைத்தியம் எதுவும் வேண்டாம். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடிச்சு, நேரா மெதுவா இழுங்க. விரலால நசுக்காதீங்க. சாப்பாட்டை ஒதுக்கினாலோ, உடம்பு சுட்டாலோ, ஈறு வெளுத்தாலோ நாளைக்குப் பார்க்கலாம்னு இருக்காதீங்க. உடனே டாக்டர்.

இப்போ சீப்பு தங்கச்சி கையில். ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல, "காதைத் தூக்கிக் காட்டுடி!"ன்னு நான் உயிரை எடுப்பேன். லீவுல முழுப் பொறுப்பும் நான்தான். அம்மா தோளுக்கும் ரெஸ்ட்!

புதுசா குட்டி வாங்கற ஐடியா இருக்கா? முதல்ல ஒரு கணக்குப் போடுங்க. ஹாஸ்டலுக்குப் போயிட்டா அந்தப் பத்து நிமிஷத்தை யார் தரப் போறாங்க? பதில் இல்லைன்னா, வேலைக்குப் போன பிறகு வாங்கிக்கலாம். ஏற்கெனவே வாங்கியாச்சா? இதை மூடி வெச்சுட்டு சீப்பை எடுங்க.

காதுக்குப் பின்னாடி ஆரம்பிங்க. வர்ட்டா!