கழுத்துக்கு பெல்ட்டா, நெஞ்சுக்கு ஹார்னஸா?

"ஒரு நாய் பெல்ட் வாங்க இவ்வளவு யோசனையாடா?" என்று கேட்கிறவங்க முதல்ல ஒரு கணக்கைப் பார்த்துடுங்க. பள்ளிக்கூடத்துல படிச்ச இயற்பியல்தான்: விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம்.

ஐந்து கிலோ பொமரேனியன் ஒன்று பூனையைப் பார்த்துப் பாயுது. சங்கிலியில 40 நியூட்டன் விசைன்னு வச்சுக்குவோம்; ஏறக்குறைய 4 கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி. பெல்ட்டின் அகலம் 1.5 செ.மீ., தொண்டையில் அழுந்தும் நீளம் 4 செ.மீ. என்றால் பரப்பு 6 சதுர செ.மீ. அழுத்தம் சுமார் 67 கிலோபாஸ்கல், அதாவது 500 மி.மீ. பாதரசம். பிபி பார்க்கும்போது பட்டையை 200 வரை ஏத்தினாலே நமக்குக் கை மரத்துப்போகுது! அதே விசை ஹார்னஸ் வழியா 40 சதுர செ.மீ.க்குப் பரவினால் 75 மி.மீ.தான். அதுவும் விழுவது நெஞ்செலும்பு மேல, மூச்சுக்குழாய் மேல இல்லை.

சின்ன நாய்களுக்கு இது ஏன் முக்கியம்? மூச்சுக்குழாயைத் திறந்து வைத்திருப்பது வரிசையான குருத்தெலும்பு வளையங்கள். பொமரேனியன், சிவாவா மாதிரி இனங்களில் அந்த வளையங்கள் வலுவிழந்து குழாய் தட்டையாகிற நோய் அதிகம். வாத்து கத்துற மாதிரி ஒரு வறட்டு இருமல் வரும். பெல்ட்தான் நோயைக் கொண்டுவருதுன்னு சொல்லலை. ஆனா தொண்டையில் விழும் ஒவ்வொரு இழுப்பும் அந்த இருமலைக் கிளப்பிவிடும். கழுத்தை இறுக்கி இழுக்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறுவதையும் ஆய்வில் அளந்திருக்காங்க. ஹார்னஸில் அப்படி ஏறலை. கண் துருத்தி நிற்கும் பக் வளர்க்கிறவங்க இதைக் கவனிக்கணும்.

எச்சில் இலைச் சோறு தின்ற நாய்க்கும் மோட்சம் கிடைத்ததாகக் கதை சொல்ற ஊர் எங்க ஆழ்வார்திருநகரி. ஆனா கோம்பையையும் ராஜபாளையத்தையும் கட்டிப்போட்ட பழக்கத்துல, மடியில தூங்குற குட்டி நாய்க்கும் அதே இரும்புச் சங்கிலிதான். "காலங்காலமா இப்படித்தாம்ல கட்டுறோம்" என்பாங்க பெரியவங்க. காலங்காலமா மாட்டை எப்படிப் பூட்டினோம்? நுகத்தடி திமிலுக்கு முன்னால உட்காரும். தொண்டைக்குக் கீழே போற பூட்டாங்கயிறு தளர்வாத்தான் இருக்கும். பாரம் தொண்டையில விழக்கூடாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சே இருந்திருக்கு. நாய்க்கு மட்டும் ஏன் வேற நியாயம்?

ஹார்னஸுக்கும் குறை உண்டு. நம்ம ஊர் வெயில்ல நாள் முழுக்க மாட்டிவிட்டா உள்ளே புண் வரும், உண்ணி ஒளியும். நெஞ்சுக்குக் குறுக்கே பட்டை போற மாடல் தோள்பட்டை அசைவைத் தடுக்கலாம். முன்னாலிருந்து பார்க்க 'ஒய்' எழுத்து மாதிரி இருக்கிறதா பாருங்க. தொளதொளன்னு இருந்தா பின்பக்கமா நழுவி ஓடிடும். இரண்டு விரல் நுழையும் அளவுதான் சரி. "ஹார்னஸ் போட்டா இன்னும் இழுக்குமே?" இழுக்கலாம். அதுக்கு மருந்து பழக்கம்தான். இழுத்தா நீங்க நின்னுடணும், கயிறு தளர்ந்தா நடக்கணும். தொண்டையை இறுக்கி அடக்குறது பழக்கமாகாது.

அப்போ பெல்ட்டே வேண்டாமா? வேணும். போன் நம்பர் பொறித்த தகட்டைத் தொங்கவிட லேசான ஒரு பெல்ட் போதும். தொலைஞ்ச நாய் வீடு திரும்ப அதுதான் வழி. சங்கிலியை மட்டும் அதில் மாட்டாதீங்க.

ஹார்னஸுக்கு பெல்ட்டைவிடக் காசு கூடத்தான் ஆகும். இந்த லீவுல ஊருக்குப் போறப்போ ஒண்ணு வாங்கிட்டுப் போங்க. வீட்ல கேட்டா மேலே போட்ட கணக்கைப் போட்டுக் காட்டுங்க. இன்ஜினியரிங் படிச்சதுக்கு அதுவாச்சும் உதவட்டும்.