சிறிய தீவு எழுப்பிய பெரிய கேள்வி

கப்பல் உடைந்து மால்டாத் தீவில் கரையேறிய புனித சின்னப்பர், அத்தீவுத் தலைவரின் தந்தை காய்ச்சலாலும் வயிற்றுக்கடுப்பாலும் வருந்திக் கிடந்த அறைக்குள் சென்று, செபித்து, அவர்மேல் கைகளை வைத்துக் குணப்படுத்தினார் என்று அப்போஸ்தலர் பணி கூறுகிறது.

316 சதுர கிலோமீட்டரே பரப்புள்ள அந்த மால்டா, 1960-களின் இறுதியில் ஐக்கிய நாடுகள் அவையில் முதியோரைப் பற்றிய கேள்வியை எழுப்பியது. 1982-இல் வியன்னாவில் முதுமை குறித்த முதல் உலகப் பேரவை கூடியது. 1988 ஏப்ரல் 15-ஆம் நாள் அனைத்துலக முதுமையியல் நிறுவனம் மால்டாவிலேயே திறக்கப்பட்டது. வளரும் நாடுகளின் மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் ஆகியோருக்கு முதியோர் பராமரிப்பில் பயிற்சி அளிப்பதே அதன் முதன்மைப் பணி.

பெற்றோரைப் பேணப் பயிற்சி எதற்கு என்று நாம் எண்ணலாம். மறதி நோய் கண்ட தாயைப் பிடிவாதக்காரி என்று கடிந்துகொள்பவர்கள் நாம் அல்லவா? தடுமாறி விழும் தந்தையை, 'வயதானால் அப்படித்தான்' என்று விட்டுவிடுபவர்களும் நாமே. அன்பு இருந்தும் அறியாமையால் தவறுகிறோம்.

அறிவை நிறுவனங்கள் தரலாம். சட்டம் ஓய்வூதியம் தரலாம். ஆனால் முதியவர் படுத்திருக்கும் அறைக்குள் நுழைய வேண்டியவர்கள் நாமே. இன்றிரவுச் செபமாலையை அவர்கள் கட்டிலருகே சொல்வோமா?