சோடா கடையில் இருக்கட்டும், சுவை நம் கையில் இருக்கட்டும்!

பங்குனி பிறந்துவிட்டால் நம் நெல்லைச் சீமையில் தாகத்தைப் பற்றி யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி விட்டு வீடு போய்ச் சேர்வதற்குள் நா வறண்டு விடுகிறது. வீட்டிற்கு விருந்தினர் வந்துவிட்டாலோ, "ஏட்டி, கடைக்குப் போயி நாலு கலர் வாங்கிட்டு வா" என்று அம்மா காசைக் கொடுத்து அனுப்புவது நம்மில் பலருக்கும் பழக்கமானதே. திருமண வீடானாலும், புதுநன்மை விருந்தானாலும், கோவில் திருவிழாவானாலும், புட்டியில் அடைத்த குளிர்பானத்தை நீட்டினால்தான் உபசாரம் நிறைவு பெறுகிறது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. நம் பள்ளி விழாக்களும் இதற்கு விலக்கல்ல.

குமிழியிடும் பானமே வேண்டாம் என்று உபதேசம் செய்ய நாங்கள் வரவில்லை. பதினைந்து வயதில் அப்படிச் சொன்னால் எங்கள் தோழியரே எங்களை நம்பமாட்டார்கள்! நாங்கள் சொல்ல விரும்புவது ஒன்றே. சோடாக்காரர் தருவது தண்ணீரும் கரியமில வாயுவும் மட்டுமே. அதில் எவ்வளவு இனிப்பு, எவ்வளவு புளிப்பு, எந்த மணம், நிறம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வது வீட்டின் உரிமை. அந்த உரிமையைப் புட்டியின் விலையோடு சேர்த்து நாம் கடையில் கொடுத்துவிட்டு வருகிறோம். அதை மீண்டும் நம் கைக்குக் கொண்டு வரவேண்டும். அந்த நல்ல வழக்கம் நம் பள்ளி விழாவிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

சோடா நம் நாட்டில் பிறந்ததன்று. 1767-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் போதகர், தம் வீட்டிற்கு அருகே இருந்த பீர் வடிக்கும் ஆலையின் தொட்டிகளுக்கு மேல் தங்கி நின்ற வாயுவை நீரில் கலந்து பார்த்தார். நாவில் சுறுசுறுவென்ற இன்பமான நீர் கிடைத்தது. 1772-இல் அதன் செய்முறையைச் சிறு நூலாக வெளியிட்டார். அதே நூற்றாண்டில் ஜெனீவா நகரத்து ஷ்வெப் என்பவர் அதை ஒரு தொழிலாக்கினார். 1872-இல் ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர், கழுத்தில் கோலிக் குண்டு அடைத்த புட்டிக்குக் காப்புரிமை பெற்றார். புட்டிக்குள் இருக்கும் வாயுவே குண்டை மேலே தள்ளி, வாயிலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்கி மூடிவிடுகிறது. தக்கையும் வேண்டாம், தகர மூடியும் வேண்டாம். கடைக்காரர் கட்டையை வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் 'டப்' என்று குண்டு இறங்கி, கழுத்திலுள்ள பள்ளத்தில் ஒதுங்கி நிற்கிறது. இதுதான் நம் ஊர்க் கோலி சோடா. ஜப்பானியர் 'ராமுனே' என்னும் பானத்தை இன்றும் இதே வகைப் புட்டியில் குடிக்கின்றனர்.

வாயுவும் புட்டியும் அயல்நாட்டிலிருந்து வந்தன. ஆனால் சுவை? அதை நம் மக்களே கொடுத்தார்கள். பன்னீர் சோடா, இஞ்சி சோடா, உப்பும் எலுமிச்சையும் சேர்த்த சோடா, நன்னாரி சர்பத் சோடா என்று எத்தனை வகை! (பன்னீர் என்றவுடன் வடநாட்டுப் பாலாடைக்கட்டியை நினைத்துவிட வேண்டாம். இது ரோஜாப் பன்னீர்.) நமக்கு வடக்கே விருதுநகரில் 1916-ஆம் ஆண்டிலேயே பழனியப்ப நாடார் அவர்கள் காளிமார்க் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் பொவண்டோ இன்றும் தென்பாண்டி நாட்டில் தனக்கென ஓர் இடத்தை வைத்திருக்கிறது. அந்நிய நிறுவனங்களே குளிர்பானத்தை நமக்குக் கற்றுக் கொடுத்தன என்று எண்ணுவோர் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

இனி, நம் வீட்டு அடுக்களைக்கு வருவோம். தாமிரபரணிப் பகுதியில் சோடாவுக்குச் சுவை சேர்க்க எங்கும் தேடி அலைய வேண்டியதில்லை. முதலில் நன்னாரி. வேரை மண் போகக் கழுவி, இடித்து, நடுவேரை நீக்கி, இரவு முழுவதும் ஊறவைத்துக் கொதிக்கவிட வேண்டும். வடிகட்டிய நீரில் சர்க்கரை சேர்த்துப் பாகாகக் காய்ச்சி, ஆறியபின் எலுமிச்சைச் சாறு பிழிந்து கண்ணாடிப் புட்டியில் வைத்துக் கொள்ளலாம். வேரின் மணம் வீடெங்கும் பரவும். கடையில் விற்கும் சில சர்பத்துகளில் உள்ள செஞ்சாயம் இதில் இராது. இலேசான பழுப்பு நிறமே நன்னாரியின் இயற்கை நிறம்.

இரண்டாவது, பானக்காரம். கருப்பட்டியைத் தட்டி, நீரில் கரைத்து, தூசி போக வடிகட்டி, சுக்குப் பொடியும் ஏலக்காயும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து நம் ஆச்சிமார் செய்வது அது. அதையே சற்றுக் கெட்டியாகக் கரைத்து வைத்துக்கொண்டு, ஒரு பங்குக்கு நான்கு பங்கு சோடா ஊற்றிப் பாருங்கள். சுக்கின் காரமும் கருப்பட்டியின் மணமும் வாயுவோடு சேர்ந்து மூக்கு வரை ஏறும்! எங்கள் வகுப்பில் இதைக் குடித்துப் பார்த்தவர்கள் இரண்டாவது டம்ளர் கேட்டார்கள். மூன்றாவது, எலுமிச்சை. எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடி, 2019-இல் பிரிந்த தென்காசி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டாலும், நமக்குப் பக்கத்து ஊர்தான். நார்த்தங்காய் கிடைக்கும் காலத்தில் அதன் சாறும் உப்பும் சேர்த்த சோடாவுக்கு ஈடில்லை.

சுவை சேர்ப்பதிலும் முறை உண்டு. அது நாம் வகுப்பில் படிக்கும் விஞ்ஞானமே. குளிர்ந்த நீரில் வாயு அதிகமாகக் கரையும். 0 டிகிரியில் கரையும் அளவில் பாதிகூட 30 டிகிரியில் கரையாது. ஆகவே சோடாவை மட்டுமன்றிப் பாகையும் குளிரவைக்க வேண்டும். டம்ளரில் முதலில் பாகை ஊற்றி, பிறகு சோடாவைச் சாய்வாக மெல்ல ஊற்றினால் தானே கலந்துகொள்ளும். கரண்டியை விட்டுக் கலக்கினால் வாயு பறந்துவிடும். உப்பைத் தூளாகச் சோடாவில் தூவினால் அதன் பொடிப்பொடியான பரப்பில் குமிழிகள் திரண்டு, நுரை பொங்கி வழியும். உப்பை முன்னதாகவே எலுமிச்சைச் சாற்றில் கரைத்துக் கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

"இவ்வளவும் எதற்கு? புட்டியை வாங்கித் திறந்தால் முடிந்தது" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்கு எங்கள் முதல் விடை, சர்க்கரை. பெரும்பாலான கோலா பானங்களில் 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை உண்டு. 300 மில்லி குடித்தால் 30 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பெரியவர் ஒருவருக்கு ஒரு நாள் முழுவதற்குமே இவ்வாறு சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நலம். வீட்டிலோ, ஒரு கிலோ சர்க்கரையில் காய்ச்சிய பாகை நூறு டம்ளருக்குப் பங்கிட்டால் டம்ளருக்குப் பத்தே கிராம்தான். சர்க்கரை வியாதி உள்ள தாத்தாவுக்கு இனிப்பே இல்லாமல் எலுமிச்சை உப்புச் சோடா கொடுக்கலாம். இரத்தக் கொதிப்பு உள்ள பாட்டிக்கு உப்பைக் குறைக்கலாம். புட்டியோ ஆளைப் பார்த்துக் கலக்கப்படுவதில்லை. 'கருப்பட்டிதானே' என்று அள்ளிப் போடுவதும் தவறு. கருப்பட்டியும் இனிப்பே. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

"கம்பெனிச் சரக்கென்றால் சுத்தம்" என்பது அடுத்த வாதம். சுத்தம் முக்கியம் என்பதை முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறோம். உள்ளூர்ச் சோடா என்பதாலேயே அது நல்லதாகிவிடாது. உணவுப் பாதுகாப்பு உரிமம் பெற்ற இடத்தில், சுத்திகரித்த நீரில் செய்த சோடாவையே வாங்க வேண்டும். பாகு காய்ச்சும் நீர் கொதித்திருக்க வேண்டும். மீனைப் பதப்படுத்தும் பனிக்கட்டியைப் பானத்தில் போடவே கூடாது. சோடாவையும் வீட்டிலேயே செய்கிறோம் என்று சமையல் சோடாவையும் எலுமிச்சை உப்பையும் கலந்து கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி வைப்பது பேராபத்து. அழுத்தம் தாங்காமல் புட்டி வெடித்தால் கண் போய்விடும். இஞ்சியையும் சர்க்கரையையும் நொதிக்க வைத்து வாயு உண்டாக்குவதும் நம் போன்ற சிறுமியருக்கு ஏற்றதன்று. அதில் புட்டி வெடிக்கும் அபாயத்தோடு சிறிதளவு சாராயமும் உண்டாகும். ஆகவேதான் 'சோடா கடையில் இருக்கட்டும்' என்று தலைப்பிலேயே சொன்னோம்.

மூன்றாவது வாதம் மதிப்பைப் பற்றியது. "பெரிய மனிதர்களுக்குச் சர்பத்தா கொடுப்பது?" என்பார்கள். இந்தக் கேள்விதான் எங்களை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. நம் விடுதியில் தேரிக்காட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து படிக்கும் தோழியர் இருக்கின்றனர். உடன்குடிக் கருப்பட்டி என்று ஊரெல்லாம் புகழும் அந்தப் பொருளுக்காக, விடியுமுன் பனையேறிப் பதநீர் இறக்கும் தகப்பன்மார்களின் பிள்ளைகள் அவர்களில் உண்டு. அடுப்படியில் புகையில் நின்று அதைக் காய்ச்சுபவர்கள் அவர்களுடைய தாய்மார்கள். "உங்க அப்பா என்ன வேலை பார்க்கிறாங்க?" என்று வகுப்பில் கேட்டால், தலையைக் குனிந்துகொண்டு "விவசாயம்" என்று சொல்லும் தோழியை நாங்கள் பார்த்திருக்கிறோம். பனை நம் மாநில மரம் என்று பாடத்தில் படிக்கிறோம். அந்த மரத்தில் ஏறுபவரின் மகள் ஏன் தலை குனிய வேண்டும்? விழா மேடையில் சிறப்பு விருந்தினர் கையில் கருப்பட்டிச் சோடா இருந்து, "இது எங்கள் பள்ளி மாணவியின் வீட்டுக் கருப்பட்டியில் செய்தது" என்று தலைமை ஆசிரியை அறிவித்தால், அந்தத் தோழி நிமிர்ந்து உட்காரமாட்டாளா? அவள் வீட்டுக்குப் போய்ச் சேரும் பணமும் நியாயமான பணமன்றோ?

நம் ஆற்றையும் இங்கே மறக்கக் கூடாது. பொதிகையில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் கடலில் சேரும் தாமிரபரணி நமக்குச் சோறும் நீரும் தரும் தாய். கங்கைகொண்டானில் உள்ள குளிர்பான ஆலைகளுக்கு அந்த ஆற்று நீரைக் கொடுப்பது பற்றி வழக்கு நடந்ததும், 2016 நவம்பரில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை இடைக்காலத் தடை விதித்ததும், 2017 மார்ச்சில் அத்தடை நீங்கியதும் பெற்றோர் அறிவார்கள். அதே மார்ச் மாதம் முதல் அந்நியக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தமிழக வணிகர் சங்கங்கள் தீர்மானித்திருந்தன. உள்ளூர்ப் பானங்களின் பெயர்கள் மறுபடியும் எல்லோர் வாயிலும் அடிபட்டன. ஆயினும் அந்தப் பரபரப்பு அடங்கியதும் பழைய புட்டிகளே கடைகளை நிறைத்துக்கொண்டன. யாரையும் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. வீட்டில் கலந்தாலும் நீர் செலவாகத்தான் செய்யும். ஆனால் கோலி சோடாப் புட்டி கழுவி மீண்டும் மீண்டும் நிரப்பப்படுவது. பிளாஸ்டிக் புட்டியோ வாய்க்காலில் மிதக்கிறது. கோபத்தால் விட்டதை விரைவில் திரும்ப எடுத்துக்கொள்வோம். அதைவிடச் சுவையான ஒன்று கையில் இருந்தால் திரும்பிப் போகமாட்டோம்.

ஆகவே அருட்சகோதரியரிடமும் பெற்றோரிடமும் பணிவுடன் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். அடுத்த விளையாட்டு விழாவிலும், ஏழை மாணவியர் நிதிக்காக நடக்கும் விற்பனைச் சந்தையிலும் புட்டிக் குளிர்பானத்திற்குப் பதிலாக ஒரு சர்பத் கடை வைக்க அனுமதி தாருங்கள். உரிமம் பெற்ற ஒருவரிடமிருந்து சோடா வாங்குவோம். விடுதித் தோழியரின் வீடுகளிலிருந்து கருப்பட்டியைச் சந்தை விலைக்கே வாங்குவோம். மனையியல் ஆசிரியையின் மேற்பார்வையில் பாகு காய்ச்சுவோம். எவர்சில்வர் டம்ளர்களை நாங்களே கழுவுவோம். நன்னாரி, பானக்காரம், எலுமிச்சை என்று மூன்றே வகை போதும். ஒவ்வொன்றிலும் எவ்வளவு சர்க்கரை என்பதைப் பலகையில் எழுதி வைப்போம். கணக்கை நோட்டில் எழுதி ஒப்படைப்போம்.

தோழியரே! விருந்தினருக்கு எதைக் கொடுக்கிறோம் என்பதில் நாம் யார் என்பதும் அடங்கியிருக்கிறது. அடுத்த முறை அம்மா கடைக்கு அனுப்பும்போது, "கலர் வேண்டாம்மா, சோடா மட்டும் வாங்கிட்டு வாரேன். மீதியை நான் பார்த்துக்கிடுதேன்" என்று சொல்லிப் பாருங்கள்.